ஆசிரியர் நலமும் பள்ளிச் சுகாதாரமும்

பள்ளிச் சுகாதாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் மாணவர்களே. மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து தாதியர் வருகின்றனர். மாணவர்களின் எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. கண்பார்வை சோதிக்கப்படுகிறது. தடுப்பூசி போடப்படுகிறது. பற்களில் குறை கண்டால் அதற்கும் ஆவன செய்யப்படுகிறது. இவையனைத்தும் நடைபெறும்போது, அழும் பிள்ளைகளைத் தேற்றிக்கொண்டும் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டும் ஓர் ஆசிரியர் அருகில் நிற்கிறார். அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பார் எவருமிலர். பல வேளைகளில் அவரும் அதனை அறியமாட்டார்.

ஆசிரியரின் உடல்நலம் அவருடைய சொந்த விவகாரம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அது பள்ளியின் நலத்தோடு இணைந்த ஒன்றாகும். அதிலும் தோட்டப்புறத்தில் உள்ள சிறிய பள்ளிகளில், ஓர் ஆசிரியர் நோயுறுவது ஒரு வகுப்பே நோயுறுவதற்கு ஒப்பாகும். ஆசிரியர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் கிடைக்கக்கூடிய சுகாதார உதவிகள் யாவை, அவற்றை எங்கே பெறலாம், பள்ளியும் பெற்றோரும் செய்ய வேண்டுவன யாவை என்பவற்றை இங்கே காண்போம்.

சிறிய பள்ளியின் பெரிய சுமை

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு தோட்டங்களோடு பின்னிப் பிணைந்தது. ஏழு வயது முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் நிருவாகம் பள்ளிக்கூடம் அமைத்துத் தர வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அக்காலத்தில் ஓராசிரியர் பள்ளிகள் பல இருந்தன. ஆசிரியர் காய்ச்சலில் படுத்தால் பள்ளிக்கூடமும் படுத்துவிடும். 1957-ஆம் ஆண்டில் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுக்குச் சற்று மேற்பட்டனவாகக் குறைந்துள்ளன. கட்டடங்கள் மாறின, வசதிகள் பெருகின, ஆசிரியர்கள் பயிற்சி பெற்ற அரசாங்க ஊழியர்கள் ஆயினர். ஆயினும் 150 மாணவர்க்கும் குறைவான பள்ளிகள் இன்றும் பலவாக உள்ளன.

எட்டு ஆசிரியர்கள் பணிபுரியும் ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். பாடம் நடத்துவதோடு, ஒருவர் பாட நூல்களுக்குப் பொறுப்பு. மற்றொருவர் புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பொறுப்பு. இன்னொருவர் சுகாதாரத்திற்கும் பாதுகாப்பிற்கும் பொறுப்பு. பெரிய பள்ளியில் அறுபது பேர் பகிர்ந்துகொள்ளும் பணிகள் அனைத்தையும் இங்கே எட்டுப் பேர் சுமக்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஒரு வாரம் வராவிடில், அவருடைய வகுப்பு வேறொரு வகுப்போடு சேர்க்கப்படுகிறது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளும் ஓரறையில் அமர்கின்றனர். இருவருக்கும் பாடம் அரைகுறையாகவே நடக்கும்.

இதனை ஆசிரியர்கள் நன்கு அறிவர். அறிந்த காரணத்தினாலேயே பலர் காய்ச்சலோடும் இருமலோடும் பள்ளிக்கு வருகின்றனர். மருத்துவரைக் காணச் செல்வதைப் பள்ளி விடுமுறை வரை ஒத்திப்போடுகின்றனர். கடமையுணர்ச்சியால் விளைவதாயினும் இதன் பயன் நன்றாக இருப்பதில்லை. இரண்டு நாள் ஓய்வில் தீரக்கூடிய நோய் இரண்டு வாரம் நீடிக்கிறது. ஆரம்பத்தில் மாத்திரையால் கட்டுப்படக்கூடிய இரத்தக் கொதிப்பு, பக்கவாதமாக வெளிப்படும்போதுதான் தெரியவருகிறது.

பொறுப்பு யாருடையது?

நம் நாட்டில் பள்ளிச் சுகாதாரச் சேவை 1967-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கீழ் இயங்கும் பள்ளிச் சுகாதாரக் குழுவினர், முதலாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு, மூன்றாம் படிவம் ஆகிய வகுப்புகளின் மாணவர்களை முதன்மையாகப் பரிசோதிக்கின்றனர். சாதாரண அரசாங்கப் பள்ளிகளில் தாதியொருவர் நிலையாகப் பணியமர்த்தப்படுவதில்லை. பள்ளியின் சிகிச்சை அறை, சுகாதாரப் பொறுப்பாசிரியர் ஒருவரின் மேற்பார்வையிலேயே இருக்கும். தூய்மை, சுகாதாரம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய ‘3கே’ திட்டக் குழுவும் பள்ளியில் இயங்குகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஆசிரியர் நலம் என்பது தனியோர் அலுவலகத்தின் கையில் இல்லை. சுகாதார அமைச்சின் மருந்தகமும், கல்வி அமைச்சின் மாவட்ட அலுவலகமும், பள்ளியின் சுகாதாரக் குழுவும் ஆகிய மூன்றும் கைகோக்கும்போதுதான் அது நிறைவேறும். அம்மூன்றையும் இணைக்கும் கண்ணியாக விளங்கக்கூடியவர் சுகாதாரப் பொறுப்பாசிரியரே. அவர் மருத்துவர் அல்லர். நோய்க்கு மருந்து கொடுப்பதும் அவர் வேலையன்று. எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தெரிந்து, உரியவரை உரிய காலத்தில் உரிய இடத்திற்கு அனுப்பிவைப்பதே அவர் ஆற்றக்கூடிய பெரும்பணியாகும்.

ஆசிரியர் நலத்தைப் பேணுவது உலகம் ஒப்புக்கொண்ட கடமையும் ஆகும். 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ஆசிரியர்களின் தகுநிலை குறித்துச் செய்யப்பட்ட அனைத்துலகப் பரிந்துரையில், ஆசிரியர்கள் குறித்த காலத்திற்கொரு முறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும், அது இலவசமாக அளிக்கப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் யுனெஸ்கோவும் இணைந்து உருவாக்கிய பரிந்துரை அது. அந்நாளே 1994-ஆம் ஆண்டு முதல் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டிலோ, ரசாக் அறிக்கை சட்டமன்றத்தில் ஏற்கப்பட்ட 1956-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாளை நினைவுகூர்ந்து மே 16-இல் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். அன்று நாம் ஆசிரியருக்கு மலரும் பரிசும் அளிக்கின்றோம். அவருடைய உடல்நலத்தை ஆண்டு முழுதும் நினைவில் கொள்வது அதனினும் சிறந்த பரிசாகும்.

நம் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். பொதுச் சேவைத் துறைகளும் தொடக்கம் முதலே அதனுள் அடங்கும். 2024-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம் அதன் வரம்பை ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கியது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நாற்பது பேருக்குக் குறையாத இடத்தில் அதற்கெனக் குழுவும் அமைக்கப்பட வேண்டும். மாணவருக்குப் பள்ளி கல்விக்கூடம். அங்கே உழைப்பவருக்கோ அது வேலையிடம் என்பதை மறத்தலாகாது.

தொழிலால் வரும் நோய்கள்

பால்மரம் வெட்டுபவருக்கு முதுகுவலியும், செம்பனைக் குலை வெட்டுபவருக்குத் தோள்வலியும் தொழிலால் வருவதைப் போலவே, ஆசிரியத் தொழிலுக்கும் உரிய நோய்கள் சில உண்டு.

முதலாவது குரல் கெடுதல். ஆசிரியரின் கருவி அவருடைய குரலே. தொண்டையிலுள்ள குரல் நாண்கள் இரண்டும் நாம் பேசும்போது நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட முறை அதிர்கின்றன. தகரக் கூரையில் மழை பெய்யும்போதும், மின்விசிறி இரையும்போதும், பக்கத்து வகுப்பின் ஓசைக்கு மேலும் குரலை உயர்த்தினால் அந்நாண்கள் வீங்குகின்றன. நாளடைவில் சிறு முடிச்சுகளும் தோன்றுகின்றன. அடிக்கடி சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிப்பதும், கத்தாமல் கைதட்டியோ மணியடித்தோ வகுப்பை அமைதிப்படுத்துவதும், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கியைப் பயன்படுத்துவதும் நன்மை தரும். தொண்டைக் கம்மல் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் காண வேண்டும்.

இரண்டாவது கால்களின் வேதனை. நாள்தோறும் பல மணி நேரம் நின்றபடியே இருப்பதால் கால்களின் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்வது உண்டு. இடையிடையே அமர்வதும், வகுப்பறையில் நடந்துகொண்டே பாடம் நடத்துவதும், அடி தட்டையான வசதியான காலணி அணிவதும் எளிய தற்காப்புகளாகும்.

மூன்றாவது, பேசுவதற்குக் கூச்சப்படும் ஒன்று. பாடவேளைகள் தொடர்ந்து வருவதால் ஆசிரியைகள் பலர் சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குகின்றனர். அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கின்றனர். இவ்விரண்டும் சேர்ந்து சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று ஏற்பட வழிவகுக்கின்றன. அடுத்த வகுப்பு ஆசிரியர் ஐந்து நிமிடம் இரு வகுப்புகளையும் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் இத்தொல்லை நீங்கும். இதற்குப் பணச் செலவு எதுவுமில்லை. தலைமையாசிரியரின் ஒரு சொல் போதும்.

நான்காவது தொற்றுநோய்கள். பிள்ளைகளோடு பழகுவோருக்குச் சளிக்காய்ச்சல் எளிதில் தொற்றும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடக் கூடாது. அது காசநோயாக இருக்கக்கூடும். காசநோய்க்கு அரசாங்க மருந்தகங்களில் சிகிச்சை கிடைக்கிறது. குறைந்தது ஆறு மாதம் மருந்தை விடாமல் உட்கொண்டால் குணமாகும். பொதுச் சேவை ஊழியருக்குரிய விதிகளில் காசநோய், தொழுநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கெனத் தனி விடுப்பே வகுக்கப்பட்டுள்ளது. வேலை போய்விடும் என்றோ, ஊரார் ஏசுவர் என்றோ அஞ்சி நோயை மறைப்பவர் தமக்கும் வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்கும் தீங்கு தேடுகிறார்.

ஓசையின்றி வரும் நோய்கள்

மேற்கூறியவை வலியாலோ இருமலாலோ தம்மை அறிவித்துக்கொள்ளும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு மிகுதி ஆகிய மூன்றும் அவ்வாறு அறிவிப்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய் நிலை ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பும், 33.3 விழுக்காட்டினருக்குக் கொழுப்பு மிகுதியும் உள்ளன. 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். 2019-ஆம் ஆண்டின் ஆய்வில், நூறு இந்தியருள் ஏறத்தாழ 31 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. ‘இனிப்பு நீர்’ என்று நாம் இலேசாகச் சொல்லும் நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் பறிக்கவல்லது.

ஆசிரியர் அறைக்கு இப்புள்ளிவிவரத்தைப் பொருத்திப் பாருங்கள். பத்துப் பேர் அமரும் அறையில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு இருக்க வாய்ப்புண்டு. அவர்களுள் எத்தனை பேர் அதனை அறிவர்?

அறிந்துகொள்வது எளிது. அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் பெரியவர்களுக்கெனச் சுகாதார நிலைப் பரிசோதனைப் படிவம் ஒன்று உண்டு. அதனை நிரப்பிக் கொடுத்தால் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை முதலியவை சோதிக்கப்படும். பொதுமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் சிகிச்சை அளிக்கும் அம்மருந்தகங்களில், அரசாங்க ஊழியரான ஆசிரியர்களுக்கு 1974-ஆம் ஆண்டின் பொது விதிகளின்படி மருத்துவ வசதிகள் உண்டு. இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டினாலோ, ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரையும் தாண்டினாலோ மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. ஒரே ஒரு முறை அளந்து முடிவு கட்டுதல் கூடாது. வேறு நாளில் மீண்டும் அளந்து உறுதி செய்வது முறை.

மனச் சுமையும் அதன் காரணங்களும்

உடலுக்கு வரும் நோயைச் சொல்லத் தயங்காதவர்கூட மனத்திற்கு வரும் சோர்வைச் சொல்லத் தயங்குவர். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே கற்பிக்கத் தொடங்கினர். இணைய வசதி இல்லாத லயத்து வீடுகளிலிருந்த பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள்களை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு. பள்ளி மணிக்கும் வீட்டு நேரத்திற்கும் இடையேயிருந்த வேலி அப்பொழுது சரிந்தது. இரவு பத்து மணிக்கும் கைப்பேசியில் செய்தி வரும் வழக்கம் அதன் பின்னும் தொடர்கிறது.

உறக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், முன்பு விரும்பிச் செய்தவற்றில் ஈடுபாடின்மை, ஞாயிறு மாலையே மனம் கனத்துப்போதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடருமாயின் உதவி நாட வேண்டும். சுகாதார மருந்தகங்களில் மனநலப் பரிசோதனை செய்கின்றனர். மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றை அளக்கும் 21 வினாக்கள் கொண்ட தாளே அது. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். பொதுச் சேவையில் ‘அக்ராப்’ என்னும் தோழமை வழிகாட்டி அமைப்பும் உண்டு. உடன் பணிபுரிவோரின் குறைகளைக் கேட்டு வழிகாட்டப் பயிற்சி பெற்றவர்கள் அதில் உள்ளனர். சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஹீல்’ தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். சிறிய பள்ளிகளில் முழுநேர ஆலோசனை ஆசிரியர் இருப்பது அரிது. எனவே இவ்வழிகளை ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி ஒட்டிவைப்பது பயன் தரும்.

ஆயினும் ஆலோசனை மட்டும் போதாது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் மலேரியாவால் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் மால்கம் வாட்சன் கொயினா மருந்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. சதுப்பு நிலத்து நீரை வடித்து, கொசு பிறக்கும் இடத்தையே அழிக்கச் செய்தார். நோயும் சாவும் குறைந்தன. பின்னர்த் தோட்டங்களும் அவ்வழியைப் பின்பற்றின. மனச் சுமைக்கும் அதே விதி பொருந்தும். சுமை பிறக்கும் இடம் வேலையின் ஒழுங்கில் உள்ளது. ஒரே விவரத்தை மூன்று பாரங்களில் எழுதச் சொல்வது, முன்னறிவிப்பின்றிக் கூட்டம் வைப்பது, வார இறுதியில் நிகழ்ச்சி நடத்துவது ஆகியவற்றைக் குறைத்தால் சோர்வின் ஊற்று அடைபடும். ஆசிரியர்களின் பணிச்சுமையைக் குறைப்பதற்கென 2023-ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு ஏழு நடவடிக்கைகளை அறிவித்தது. அறிவிப்பின் பயன் ஒவ்வொரு பள்ளியிலும் அது கடைப்பிடிக்கப்படுவதைப் பொறுத்தே அமையும்.

மற்ற ஊழியர்களை மறவாதீர்

பள்ளி என்பது ஆசிரியர்கள் மட்டும் அன்று. எழுத்தர், துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர், சிற்றுண்டிச்சாலையினர் ஆகியோரும் பள்ளியைத் தாங்குகின்றனர். இவர்களுள் பலர் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். துப்புரவுப் பணியாளரும் பாதுகாவலரும் பெரும்பாலும் குத்தகை நிறுவனங்களின் ஊழியர்களாதலால் ஆசிரியருக்குரிய அரசாங்க விதிகள் இவர்களுக்குப் பொருந்தா. ஆனால் இவர்களுக்கும் உரிமைகள் உண்டு.

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவருக்கு 18 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் 60 நாள் விடுப்பு தனியே உண்டு. பணியில் விபத்து நேரிட்டால், 1969-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த சொக்சோ பாதுகாப்பு அளிக்கும். நிறுவனம் தம் பெயரில் சந்தா கட்டுகிறதா என்பதை ஊழியர் தாமே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். குறைந்த வருமானம் பெற்று அரசாங்க உதவித் தொகைக்குத் தகுதியடைந்த 40 வயதுக்கு மேற்பட்டோர், 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘பெக்கா பி40’ திட்டத்தின்கீழ் இலவச மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இவ்வுரிமைகளுள் பல தோட்டத் தொழிலாளர்களுக்கும் பொருந்துவனவாதலால் வாசகர்கள் இவற்றைத் தமக்காகவும் குறித்துக்கொள்வது நலம்.

உணவு கையாள்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும், டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றும் 2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகள் கூறுகின்றன. சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவரின் நலம் அங்கே உண்ணும் ஆசிரியர், மாணவர் அனைவரின் நலமும் ஆகும். சர்க்கரை குறைந்த பானமும் காய்கறியும் ஆசிரியர்களுக்கும் அங்கே கிடைக்குமாறு செய்வது கடினமன்று.

பள்ளி செய்யத்தக்கவை

பெரும் பொருட்செலவின்றி ஒரு சிறிய பள்ளி ஓராண்டில் செய்யக்கூடியவை வருமாறு:

1. பள்ளியாண்டின் தொடக்கத்தில் அருகிலுள்ள சுகாதார மருந்தகத்திற்குத் தலைமையாசிரியர் கடிதம் எழுதி, ஆசிரியர், ஊழியர் அனைவருக்கும் பரிசோதனைக்கு ஒரு நாள் கேட்டுப் பெறலாம். ஒரே நாளில் அனைவரும் செல்ல இயலாவிடில் இருவர் இருவராக அனுப்பலாம்.

2. சிகிச்சை அறையில் இரத்த அழுத்தமானி, வெப்பமானி, எடைக் கருவி, அளவு நாடா ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை விரும்பியவர் தம் அளவைத் தாமே பார்த்துத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். பிறர் பார்க்கும்படி பட்டியல் தொங்கவிடுவது தவறு. ஒருவரது நோய் விவரம் அவருக்கே உரியது.

3. ஆசிரியர் வராத நாளில் அவர் வகுப்பை யார் எடுப்பது என்பதை முன்கூட்டியே வகுத்து, ஒரு வாரத்திற்குரிய பயிற்சிகளைக் கோப்பில் வைத்திருக்கலாம். இத்தகைய ஏற்பாடு இருக்கும் பள்ளியில் நோயுற்ற ஆசிரியர் மனக் குறையின்றி ஓய்வெடுப்பார்.

4. வாரத்தில் இரு நாள் பள்ளி முடிந்தபின் அரை மணி நேரம் திடலைச் சுற்றி நடக்கலாம். தனியே நடக்கச் சோம்புபவரும் கூட்டமாக நடக்க முன்வருவர்.

5. வாரந்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கிக் கொசு உற்பத்தியாகும் இடங்களைத் தேடி அழிக்கலாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏழு முதல் பத்து நாள் போதுமாதலால், மாதம் ஒரு முறை செய்யும் துப்புரவு பயன்படாது.

6. அவசரமற்ற செய்திகளை இரவில் கைப்பேசியில் அனுப்புவதில்லை என்று பள்ளி முழுதும் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம்.

இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது என்று கூறலாம். ஆசிரியர் ஒருவர் மருத்துவரிடம் செல்லாமைக்கு அறியாமை காரணமாக இருப்பது குறைவு. தம் வகுப்பு என்னாகுமோ என்ற கவலையே பெரும்பாலும் காரணம். அக்கவலையை நீக்கும் பள்ளி, பாதி மருத்துவத்தைச் செய்துவிட்டது எனலாம்.

பெற்றோர் பங்கு

ஆசிரியர் நலத்தில் பெற்றோருக்கும் பங்குண்டு. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதிருப்பது முதற்கடமை. அப்பிள்ளை குணமடைவதோடு, வகுப்பும் ஆசிரியரும் நோயினின்றும் காக்கப்படுவர். ஆசிரியர் மருத்துவ விடுப்பில் உள்ளபோது அவரை ஐயுறுவதும், வீட்டிற்கு அழைத்துப் பள்ளி விவகாரம் பேசுவதும் தவிர்க்கத்தக்கவை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் தன் சேமிப்பில் ஓர் இரத்த அழுத்தமானியோ, வகுப்பறைக்கொரு சிறிய ஒலிபெருக்கியோ வாங்கித் தரலாம். கூட்டுப்பணி நாளில் ஆசிரியர் கழிவறையைச் செப்பனிட்டுத் தரலாம். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தன்று மருந்தகத்தாரை அழைத்தால் ஆசிரியர்களோடு தோட்ட மக்களும் பரிசோதனை செய்துகொள்ளலாம். மருந்தகத்திற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டிய தோட்டத்தாருக்கு இது இரட்டை நன்மையாகும்.

தோட்டத்துப் பிள்ளைகளுள் பலருக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பாரில்லை; தனிப்பயிற்சிக்கு அனுப்பவும் வசதியில்லை. அவர்களுக்குக் கல்வி கிடைக்கும் ஒரே இடம் அந்த வகுப்பறை. அதனைத் தருபவர் அந்த ஆசிரியர். அவர் முப்பதாண்டுகள் நலத்தோடு பணியாற்றினால் ஒரு தலைமுறையே கரையேறும். இடையில் நோயால் அவர் ஓய்வு பெற்றுச் சென்றால் அவ்விழப்பை ஈடு செய்வது அரிது. ஆகவே, அடுத்த பள்ளி விடுமுறை வரை காத்திராமல், இந்த மாதமே ஒரு நாளைக் குறித்துச் சுகாதார மருந்தகத்திற்குச் சென்று வருமாறு ஆசிரியர்களையும் பள்ளி ஊழியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். அன்று அவர்களுடைய வகுப்பை மற்றவர்கள் கவனித்துக்கொள்வார்களாக.